டீசலா, பெட்ரோலா?



"என்னங்க, டெல்லியில ஓடின டீசல் வண்டி மலிவா வருதாமே, வாங்கலாமா?" என்று மனைவி கேட்டால், கணவர் சற்று யோசிக்க வேண்டும்.

ஏன் மலிவு? காற்று மாசைக் குறைக்க, டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டியும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டியும் ஓடக்கூடாது என 2018-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025-இல் பி.எஸ். 4-உம் அதற்குப் பிந்தியதுமான வண்டிகளுக்கு மட்டும் இதைத் தளர்த்தியது.

வெம்பக்கோட்டையில் அந்தத் தடை இல்லை. ஆனால் புகை ஒன்றுதானே! டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் அறிவித்தது. பட்டாசு மருந்துத் தூசியில் உழைக்கிற நெஞ்சுக்கு இது கூடுதல் சுமை.

ஆர்.சி. புத்தகத்தில் ஆண்டைப் பாருங்கள். 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ். 6 வண்டியில் புகை குறைவு. பக்கத்து ஊர் போய்வரப் பெட்ரோலே போதும்.

மலிவு வண்டியைவிடப் பிள்ளையின் மூச்சே பெரிது!