வளர்ந்த பிள்ளைக்கு வாசிப்பு வராவிட்டால்

ஆண்டு 9 இல் படிக்கும் பையன். கரும்பலகையில் உள்ளதை அழகாகப் பார்த்து எழுதுவான், கொப்பி நிறைந்திருக்கும். எழுதியதை வாசி என்றால் தலைகுனிவான். வீட்டில் "மொக்கன்" என்பார்கள். வகுப்பில் பின்வாங்கு. பின்னர் தலையிடி, வயிற்றுவலி என்று வீட்டில் நின்று, ஒருநாள் கூலி வேலைக்குப் போய்விடுவான்.

இவன் மொக்கன் அல்லன். 2020 இலும் 2021 இலும் பாடசாலைகள் மாதக்கணக்காகப் பூட்டப்பட்டிருந்தபோது ஆரம்ப வகுப்புகளில் இருந்த பிள்ளைகளே இன்று மேல் வகுப்புகளில் இருக்கிறார்கள். எழுத்துக்கூட்டிப் பழகவேண்டிய காலம் கைநழுவியது. வகுப்பு மட்டும் ஏறியது. 1990 இலும் 1995 இலும் 2009 இலும் இடம்பெயர்ந்து, மரநிழலில் படித்த பெற்றோருக்கு இதை நாம் விளக்கத் தேவையில்லை.

முதலில் பிள்ளையின் கண்ணைப் பரிசோதிப்பியுங்கள். அதன்பின் வாசிப்பு எங்கே அறுந்தது என்று பாருங்கள். தமிழ் எழுத்துக்கள் 247 என்று பயமுறுத்தவேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1; இவற்றோடு உயிர்க்குறிகளைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாக வரும். இடறுவது பெரும்பாலும் இக்குறிகளில்தான். "மரம்", "பயறு" வாசிப்பவன் "மேடை", "தோட்டம்" என்றதும் நிற்பான். கொம்பு எழுத்துக்கு முன்னே நிற்கிறது, ஓசையோ பின்னே வருகிறது. "கௌபி" என்ற சொல்லில் பின்னால் நிற்கும் குறியை "ள" என்றே எண்ணிவிடுவான். இடறிய குறியை மட்டும் எடுத்து, ஒரு கிழமைக்கு அதே குறி வரும் சொற்களைப் பழக்குங்கள்.

பதினான்கு வயதுப் பிள்ளையிடம் முதலாம் ஆண்டுப் பாலர் புத்தகத்தைக் கொடுக்காதீர்கள். தம்பி தங்கை முன்னால் அவனுக்கு அது பெரிய அவமானம். பசளைப் பையிலும் விதைப் பைக்கற்றிலும் உள்ளதை வாசிக்கட்டும். பஸ் பலகை, கிரிக்கெற் செய்தி எல்லாம் பாடந்தான். நாளுக்குப் பதினைந்து நிமிடம் போதும். கிழமையில் ஒருநாள் மூன்று மணித்தியாலம் இருத்திவைப்பதிலும் இது மேல். அக்காவோ அயல்வீட்டு அண்ணாவோ முதலில் வாசித்துக் காட்டட்டும். பிறகு இருவரும் சேர்ந்து, பிறகு அவன் தனியே. பிழைவிட்டால் உடனே பாயாமல், ஐந்து எண்ணும்வரை பொறுத்திருந்து சொல்லைச் சொல்லிக் கொடுக்கவேண்டும்.

"எங்களுக்கே வாசிக்கத் தெரியாதே, பாதர்" என்று தாய்மார் கேட்பதுண்டு. கேட்டுக்கொண்டிருக்க எழுத்துத் தெரியவேண்டியதில்லை. அடுப்படியில் இருந்தபடியே, "அதில் என்ன சொல்லியிருக்கு?" என்று கேளுங்கள். அவன் தன் சொல்லில் சொன்னால் விளங்கியிருக்கிறது. புத்தகத்தில் "வருகிறேன்" என்றிருப்பதை "வாறன்" என்று வாசித்தால் சிரிக்காதீர்கள், பொருளைப் பிடித்துவிட்டான்.

வகுப்பாசிரியரையும் ஒருமுறை தனியே சந்தியுங்கள். எல்லோர் முன்னிலையிலும் திடீரென எழுப்பி வாசிக்கவிடவேண்டாம் என்றும், நாளை வாசிக்கவேண்டிய நான்கு வரியை இன்றே குறித்துக் கொடுக்கும்படியும் கேளுங்கள். அந்த நான்கு வரியை அவன் இரவு வீட்டில் பத்துத் தரம் வாசித்துப் பார்த்துவிட்டுப் போகலாம்.