யாருடைய வங்கி? – இலங்கை வங்கியின் தோற்றம் குறித்துச் சில சிந்தனைகள்

புலம்பெயர்ந்த தமிழருக்கென ஒரு வங்கி வேண்டும் என்ற பேச்சு எம்மவர் கூடும் இடங்களில் எழுவதும் அடங்குவதுமாக இருக்கிறது. இங்கே பலெர்மோவில், பல்லரோச் சந்தையைச் சுற்றியுள்ள தெருக்களில் வாழும் எமது குடும்பங்களிற் பல இன்றும் சீட்டையும் உண்டியலையும் நம்பியே காலம் தள்ளுகின்றன. தாச்சி ஒழுங்கானவராக இருந்தால் பிள்ளையின் படிப்புக்கும் வீட்டு முற்பணத்துக்கும் வழி பிறக்கும். தாச்சி தலைமறைவானால் பல வீடுகளின் வருடக்கணக்கான உழைப்பு போய்விடும். எனவே, "எமக்கென்று ஒரு வங்கி இருந்தால் இப்படி நடக்குமா?" என்று கேட்பவர்களின் ஆதங்கம் நியாயமானது. ஒரு காலத்தில் பொருளியல் வரலாறு படிப்பித்தவன் என்பதால், இப்போது நெத்தலி பதனிடும் தொழிற்சாலையில் என்னோடு நிற்பவர்கள் இக்கேள்வியை என்னிடமே திருப்பிவிடுகிறார்கள். அவர்களுக்கு இடைவேளைகளில் சொன்னவற்றைச் சற்று ஒழுங்குபடுத்தி, ஒரு விவாதத்தைத் தொடக்கும் நோக்கில் இங்கு முன்வைக்கிறேன்.

இதே கேள்வியைக் காலனிய இலங்கையும் கேட்டது. அதற்குக் கிடைத்த விடை 1939இல் திறக்கப்பட்ட இலங்கை வங்கி. அந்த விடை எப்படி உருவானது, அது எதைத் தீர்த்தது, எதைத் தீர்க்காமல் விட்டது என்பவற்றை அறியாமல் 'எமது வங்கி' என்று பேசுவதிற் பயனில்லை.

1. கோப்பியோடு வீழ்ந்த வங்கி

இலங்கை வங்கி என்ற பெயரில் 1841இலேயே கொழும்பில் ஒரு வங்கி இருந்தது. அது ஆங்கிலேயக் கோப்பித் தோட்டத் துரைமாருக்காக ஆங்கிலேயர் நடத்திய வங்கி. சில ஆண்டுகளில் அது ஓரியன்டல் வங்கிக்குள் கரைந்துபோனது. 1869இல் கோப்பிச் செடியில் இலைநோய் தென்பட்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்கள் அழிய, அவற்றுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியன்டல் வங்கியும் 1884 மே மாதத்தில் கதவை மூடியது.

அந்நாளில் மக்களின் கையிலிருந்த பணத்தாள் அரசாங்கத்தினுடையது அல்ல; தனியார் வங்கியொன்றின் வாக்குறுதிச் சீட்டு. வங்கி வீழ்ந்தால் தாளும் வெறுங்கடதாசி. கொழும்பிற் பீதி பரவியபோது தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன், லண்டனின் அனுமதிக்குக் காத்திராமல், அத்தாள்களுக்கு அரசின் உத்தரவாதத்தை அறிவித்தார். அதே ஆண்டு நாணயச் சட்டம் வந்தது. பணத்தாள் வெளியிடும் உரிமை அரசிடம் சென்றது. நாணயத்தின் பொறுப்பை அரசு இவ்வாறு ஏற்றுக்கொண்டது. ஆனால் உள்ளூர் மனிதனுக்குக் கடன் கொடுக்கும் பொறுப்பை எவரும் ஏற்கவில்லை.

2. சிறாப்பரும் செட்டியாரும்

கொழும்புக் கோட்டையிலிருந்த ஆங்கிலேய வங்கிகள் உள்ளூரவருக்குக் கடன் கொடுக்காமைக்கு நிறவெறியை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது. அவ்வங்கிகளின் தொழில் ஏற்றுமதி இறக்குமதிக்குக் குறுகிய காலக் கடன் வழங்குவது. தேயிலைப் பெட்டி கப்பலேறும், லண்டனில் விற்கும், காசு திரும்பும். இதற்கான பத்திரங்களை வங்கி முகாமையாளர் வாசித்து விளங்கிக்கொள்வார். உள்ளூர்த் தென்னந்தோட்டக்காரர் கொண்டுவரும் உறுதியோ பங்குரிமைகள் பிரிக்கப்படாத பரம்பரைக் காணியின் உறுதி. அக்காணியில் எத்தனை சகோதரருக்கு எத்தனை பங்கு என்பது ஊருக்குத் தெரியும். ஸ்கொட்லாந்திலிருந்து வந்த முகாமையாளருக்குத் தெரியாது. கடன் என்பது அடிப்படையில் அறிவு சம்பந்தப்பட்ட விடயம். யாரைப் பற்றி அறிவோமோ அவருக்கே கொடுப்போம்.

இந்த இடைவெளியை நிரப்பியவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். ஒவ்வொரு வங்கியும் ஒரு சிறாப்பரை வைத்திருந்தது. எந்தச் செட்டியாருக்கு எவ்வளவு தாங்கும் என்பதை அவர் அறிவார். அவருடைய பிணையில் வங்கி செட்டியாருக்குக் கொடுக்கும். செட்டியார் தெருவின் கிட்டங்கிகளிலிருந்து அப்பணம் மேலும் கூடிய வட்டிக்குக் கடைக்காரருக்கும் காணிக்காரருக்கும் போகும். வங்கிக்கும் ஊருக்கும் நடுவே செட்டியார் ஒரு பாலம். வட்டி என்பது அந்தப் பாலத்துக்கான சுங்கம்.

1925இல் பெரிய செட்டியார் நிறுவனமொன்று முறிந்தது. வங்கிகள் கையை இறுக்கின. பின்னர் 1929இன் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. றப்பரும் கொப்பறாவும் விலையிழந்தன. வங்கி செட்டியாரை நெருக்க, செட்டியார் கடனாளியை நெருக்கினார். கடன் அடைபடாத இடத்தில் ஈட்டுக் காணிகள் கைமாறின. பாலமும் போனது, பாலத்தைக் கட்டியவர் மீதான பகை மட்டும் மிஞ்சியது.

3. சென்னையின் பாதை

பாக்கு நீரிணைக்கு அப்பால் இதே பிரச்சினை வேறு வடிவில் வந்திருந்தது. 1906 ஒக்டோபரிற் சென்னையின் ஆர்பத்நொட் நிறுவனம் முறிந்தது. ஓய்வூதியர்கள், விதவைகள், சிறு சேமிப்பாளர்கள் எனப் பலர் தம் வாழ்நாட் சேமிப்பை இழந்தார்கள். அதன் தலைவர் சேர் ஜோர்ஜ் ஆர்பத்நொட் சிறை சென்றார். அந்த அழிவிலிருந்துதான் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயரின் முயற்சியில் இந்தியன் வங்கி 1907 மார்ச்சிற் பதிவாகி, ஆகஸ்ட் 15இல் இயங்கத் தொடங்கியது. சட்டம் அறிந்த வழக்கறிஞரும் கடன் அறிந்த செட்டியாரும் அங்கே ஒரே மேசையில் அமர்ந்தார்கள். முதற் பணிப்பாளர்களில் ராமசாமிச் செட்டியாரும் ஒருவர். 1932இல் அவ்வங்கி கொழும்பிலும் கிளை திறந்தது. 1937இல் எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களில் ஒரே நாளிற் கதவு திறந்தது. பாலமாக இருந்தவர்கள் தாமே வங்கியாக மாறிய கதை இது.

கொழும்பின் கதை அவ்வாறு அமையவில்லை.

4. 1934 – 1939

டொனமூர் அரசியலமைப்பின் கீழ் உருவான அரசாங்க சபையில், சுதேச வங்கி என்ற கோரிக்கை வலுப்பெற்றது. 1934இல் வங்கி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமை தாங்கியவர் சேர் சொராப்ஜி பொச்கானாவாலா. 1911இல் பம்பாயில் இந்தியர் உடைமையாகவும் இந்தியர் நிர்வாகத்திலும் சென்ற்றல் வங்கியைத் தொடங்கிக் காட்டிய பார்சி அவர். அரசின் துணையுடன் இயங்கும் வங்கியொன்றை ஆணைக்குழு பரிந்துரைத்தது. தனியார் முதல் மட்டும் போதாது என்பதன் பொருள் தெளிவு: முறிவுகளைக் கண்ட ஒரு சமூகத்தில் நம்பிக்கையையும் முதலீடு செய்யவேண்டும், அதை அன்று அரசால் மட்டுமே செய்ய முடிந்தது.

1938இல் சட்டம் நிறைவேறியது. 1939 ஆகஸ்ட் 1ஆம் திகதி தேசாதிபதி சேர் அன்ட்ரூ கோல்டிகொட் வங்கியைத் திறந்துவைத்தார். முதற் தலைவர் சேர் ஏர்னஸ்ட் டி சில்வா. பங்குகள் தனியாரிடம் இருந்தன. 1961இல்தான் அது முழுமையாக அரசுடைமையானது. நாட்டின் மத்திய வங்கி 1950இல் வருவதற்குப் பதினொரு ஆண்டுகள் முன்பே உள்ளூர் வணிகர் ஒருவர் தன் மொழி தெரிந்த அதிகாரியின் முன்னால் கடன் கேட்டு அமர முடிந்தது. இச்சாதனையைக் குறைத்து மதிப்பிடலாகாது.

ஆனால் திகதியைக் கவனியுங்கள். அந்த ஆண்டிலேதான் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலைசெய்த இந்தியரை நீக்கும் முடிவு எடுக்கப்பட்டது. அதன் எதிரொலியாக நேரு ஜூலையிற் கொழும்புக்கு வந்தார். அம்மாதக் கடைசியில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் பிறந்தது. ஒரே வாரத்தின் இடைவெளியில் ஒருபுறம் 'எமது வங்கி' திறக்கிறது; மறுபுறம் 'நீங்கள் எம்மவர் அல்லர்' என்று சொல்லப்பட்டவர்கள் தமக்கென அமைப்பொன்றைக் கட்டுகிறார்கள். வங்கி செட்டியாருக்குக் கதவடைத்தது என்று நான் சொல்ல வரவில்லை. நான் சொல்வது இதுதான்: 'சுதேசி' என்ற சொல் வெள்ளையரை நோக்கி நீட்டப்பட்ட விரலாகத் தொடங்கி, அயலவரை நோக்கித் திரும்பிய ஆண்டும் அதுவே. 1948இன் குடியுரிமைச் சட்டம் அதன் தொடர்ச்சி. அப்போது யாழ்ப்பாணத் தலைமையும் ஒருமித்து நிற்கவில்லை, பிளவுபட்டே நின்றது என்பதையும் நாம் மறைக்கலாகாது.

5. உள்ளூர் உடைமை போதுமா?

செட்டியார் தெருவிலிருந்து நான் வாழும் நகரத்துக்கு வருகிறேன். 'நம்மவர் கையில் வங்கி இருந்தாற் போதும்' என்பவர்களுக்கு இந்நகரமே ஒரு பாடம் வைத்திருக்கிறது. பலெர்மோவில் நொத்தர்பார்த்தொலோ என்ற ரயில் நிலையத்தில் எம்மவர் தினமும் இறங்கி ஏறுகிறார்கள். எமானுவேலே நொத்தர்பார்த்தொலோ இந்நகரின் மேயராக இருந்தவர். 1876 முதல் 1890 வரை சிசிலி வங்கியின் தலைமை இயக்குநர். பணத்தாள் வெளியிடும் உரிமைகூடப் பெற்றிருந்த, சிசிலியருடைய சொந்த வங்கி அது. உள்ளூர்ப் பிரமுகர்கள் அதைத் தம் பெட்டகமாகப் பயன்படுத்துவதைத் தடுக்க அவர் முயன்றார். 1893 பெப்ரவரி 1ஆம் திகதி ஓடும் ரயிலில் குத்திக் கொல்லப்பட்டார். பாராளுமன்ற உறுப்பினரும் வங்கிப் பொதுச்சபையில் இருந்தவருமான ரஃபாயேலே பலிட்சோலோ 1902இற் குற்றவாளியாகக் காணப்பட்டு, அத்தீர்ப்பு ரத்தாகி, 1904இல் விடுதலையானார்.

வங்கியும் கொல்லப்பட்டவரும் குற்றஞ்சாட்டப்பட்டவரும் இத்தீவுக்கு உரியவர்களே. கணக்குக் கேட்பவரைப் பாதுகாக்கும் ஏற்பாடு மட்டும் இருக்கவில்லை.

6. எமக்கான கேள்விகள்

எனவே 'எமக்கென ஒரு வங்கி' என்று பேசுபவர்களிடம் மூன்று கேள்விகளை வைக்கிறேன். பணம் யாருடையது? கடன் யாருக்கு? கணக்குக் கேட்பது யார்? முதற் கேள்விக்கு மட்டும் 'தமிழருடையது' என்று விடை சொல்லிவிட்டு மற்றவற்றைத் தாண்டிச் செல்ல முடியாது.

இங்கு நான் காணும் சீட்டுகளைப் பெரும்பாலும் பெண்களே நடத்துகிறார்கள். நாலு வீடுகளில் துப்புரவு வேலை செய்து, வதிவிட அனுமதி புதுப்பிக்கப்படுமா என்று தெரியாமல் வாழும் ஒரு பெண்ணுக்குச் சீட்டில் இடமுண்டு. அவளுடைய நாணயத்தை அயலவர் அறிவார்கள். நாளை எம்மவர் தொடங்கும் நிறுவனத்தில் அவளுக்குக் கடன் கிடைக்குமா? அல்லது கடை வைத்திருப்பவர், சங்கத் தலைவர், கோயில் நிர்வாகி என்போரின் கையெழுத்துத்தான் பிணையாகுமா? அப்படியானால் சிறாப்பர் திரும்பி வந்துவிட்டார் என்றுதான் பொருள், பெயர்தான் வேறு. சாதி பார்த்துச் சீட்டிற் சேர்ப்பவர்களும் எம்மிடையே உள்ளனர் என்பதை யாவரும் அறிவோம்.

மாற்று வழி இல்லாமலில்லை. இலங்கையில் 1911இன் சட்டத்தின் கீழ்க் கிராமங்களில் எழுந்த கூட்டுறவுக் கடன் சங்கங்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்களின் சேமிப்பில் நின்றவை. இத்தாலியின் கூட்டுறவுக் கடன் வங்கிகளிலும் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்கே. சீட்டின் நெருக்கமான அறிவையும், வெளியார் தணிக்கை செய்யும் கணக்கையும் இணைக்கும் சிறிய அமைப்பொன்றிலிருந்து நாம் தொடங்கலாம். அதன் முதல் விதியாக இதை எழுதவேண்டும்: நிர்வாகத்தில் இருப்பவர் கடன் பெறமுடியாது. இரண்டாவது விதி: எந்த உறுப்பினரும், எந்த நாளிலும், கணக்குப் புத்தகத்தைக் கேட்கலாம். இவ்விரு விதிகளையும் ஏற்க எத்தனை பேர் முன்வருகிறார்கள் என்பதைப் பார்த்த பின்னர் வங்கிக்குப் பெயர் வைப்போம்.