இஸகாயா: இருந்து குடிக்கும் கடை

போன வாரம் ஒரு நண்பர் போனில் கேட்டார். "ஜப்பான்ல இஸகாயா இஸகாயாங்கறாங்களே, அது நம்மூரு பாரு மாதிரிதானுங்க?" அவசரத்தில் ஆமாங்கன்னு சொல்லிட்டு வச்சுட்டேன். அது தப்பான பதில். ஒரே ஒரு இஸகாயாவில், ஒரே ஒரு ராத்திரி, சுமார் மூணு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். அதற்குப் பிறகு அதைப் பற்றித் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை. 2011-ஆம் வருஷம் எங்கள் ஊருக்கு எப்படி இருந்தது என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நொய்யலில் சாயக்கழிவு கலப்பது முழுக்க நிற்கும் வரைக்கும் திறக்கக் கூடாது என்று உத்தரவு. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே அடியாக நின்றன. நிட்டிங் ஓடுது, துணி இருக்கு, சாயம் போட இடமில்லை. அதே வருஷம் ஆகஸ்ட் 1 முதல் இந்திய-ஜப்பான் வர்த்தக ஒப்பந்தம் அமலுக்கு வந்து, பின்னலாடைக்கு அங்கே இருந்த இறக்குமதி வரி நீங்கியது. கதவு திறக்கிற நேரத்தில் எங்கள் கையில் சரக்கு இல்லை.

எங்களிடம் ஒரு ஜப்பான் ஆர்டர் இருந்தது. வெளியூர்களுக்குத் துணியை அனுப்பிச் சாயம் போட்டு வாங்கினோம். ஷேடு மாறியது, தேதி தள்ளியது, திரும்பவும் தள்ளியது. நவம்பரில் எங்க எம்.டி. அண்ணனும் நானும் டோக்கியோ போனோம், நேரில் பேசிச் சரிக்கட்டலாம் என்று.

அவர்கள் ஆபீசில் பேச்சு ஒன்றரை மணி நேரம். யாரும் குரல் உயர்த்தவில்லை. கடைசியில் "கொஞ்சம் கஷ்டம்தான்" என்ற பொருளில் ஒரு வார்த்தை சொன்னார்கள். லிஃப்டில் இறங்கும்போது அண்ணன் சொன்னார், "கஷ்டம்னுதானப்பா சொன்னாங்க, முடியாதுன்னு சொல்லலியே." ஜப்பானில் அந்த வார்த்தைக்கு முடியாது என்றுதான் அர்த்தம் என்பது எங்களுக்குத் தெரியாது. தெரிய வைத்தது இஸகாயாதான்.

பேரிலேயே இருக்கிறது

'இ' என்றால் இருப்பது, தங்குவது. 'சகே' என்றால் மது. 'யா' என்றால் கடை. இஸகாயா என்றால் இருந்து குடிக்கும் கடை. எடோ காலத்தில், அதாவது இன்றைய டோக்கியோவுக்கு எடோ என்று பேர் இருந்தபோது, மதுக்கடை என்பது அளந்து விற்கிற கடை. ஜாடி கொண்டு போய் வாங்கி வீட்டுக்கு எடுத்து வரணும். சிலர் வாங்கின இடத்திலேயே நின்று குடித்தார்கள். கடைக்காரர்கள் அவர்களுக்குத் தொட்டுக்கொள்ள ஏதாவது கொடுக்க ஆரம்பித்தார்கள். 1596-இல் தொடங்கிய தொஷிமாயா என்ற கடை, டோஃபுவைக் குச்சியில் குத்தி, மிசோ தடவிச் சுட்டு, மலிவாக விற்றுப் பேர் வாங்கியது. அந்தக் கடை இன்றைக்கும் இருக்கிறது. குச்சியில் குத்திச் சுடுவது என்பது மதுக்கடைக்குள் பிறகு வந்து சேர்ந்த ஒன்றல்ல, ஆரம்பத்திலிருந்தே கூட வருகிற பழக்கம்.

அன்று ராத்திரி எங்களைக் கூட்டிப் போனது அந்தக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு மேனேஜர். அறுபதை நெருங்கிய மனுஷன். யூராகுச்சோ ஸ்டேஷன் பக்கத்தில் 1910 வாக்கில் கட்டிய செங்கல் வளைவுகளுக்கு மேலே ரயில் ஓடும், கீழே வளைவுக்குள் கடைகள். வாசலில் சிவப்புக் காகித விளக்கு. உள்ளே காலடி வைத்ததும் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் ஒரே குரலில் 'வாங்க வாங்க' என்று கத்துகிறார்கள். புகை, சத்தம், தோளோடு தோள் இடிக்கும் ஸ்டூல்கள். பகலில் பார்த்த அதே கோட்டு-டை ஆட்கள், டையைத் தளர்த்திவிட்டுச் சத்தமாகச் சிரிக்கிறார்கள். ரயில் போகும்போது பேச்சு நின்று, போனதும் தொடர்கிறது.

உட்கார்ந்ததும் கை துடைக்கச் சூடான ஈரத் துண்டு கொடுத்தார்கள். தொழில் புத்தி, புரட்டிப் பார்த்து ஜிஎஸ்எம் என்ன இருக்கும் என்று கணக்குப் போட்டேன். மேனேஜர் சிரித்துவிட்டார். அவரும் அதையே செய்துகொண்டிருந்தார்.

அடுத்து, கேட்காமலே சின்னக் கிண்ணத்தில் ஏதோ வருகிறது. இதற்கு ஓட்டோஷி என்று பேர். இது இலவசமில்லை, பில்லில் சேரும். உட்காருகிற இடத்துக்கான வாடகை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக்காரர்கள் சண்டை பிடிப்பது இந்த இடத்தில்தான். 'இப்போதைக்கு பீர்' என்று எல்லோரும் ஒரே வார்த்தையாகச் சொல்வது அடுத்த வழக்கம். யோசிக்க நேரம் எடுத்து மற்றவர்களைக் காக்க வைக்கக் கூடாது என்பதற்காக. அண்ணன் குடிக்க மாட்டார். அவருக்கு ஊலாங் டீ வந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கிளாஸைத் தட்டும்போது 'ஓட்சுகாரேசமா' என்றார்கள். 'களைச்சுப் போயிருப்பீங்க, நல்லா உழைச்சீங்க' என்பது போல ஒரு சொல். தன் கிளாஸில் தானே ஊற்றிக்கொள்ளக் கூடாது. பக்கத்து ஆளுக்கு நீ ஊற்று, அவர் உனக்கு ஊற்றுவார்.

குச்சிக் கணக்கு

யாகிடோரி என்றால் சுட்ட பறவை, பெரும்பாலும் கோழி. ஆனால் 'சிக்கன்' என்று பொதுவாகச் சொல்லி ஆர்டர் கொடுக்க முடியாது. தொடை மொமோ, தொடைக்கறிக்கு நடுவே வெங்காயத் தண்டு வைத்தால் நெகிமா, தோல் கவா, ஈரல் ரெபா, இதயம் ஹாட்சு, கல்லீரல் என்று நாம் குழப்பிக்கொள்கிற இரைப்பை சுனகிமோ, குருத்தெலும்பு நாங்கோட்சு, வால் பக்கத்துக் கொழுப்பு போன்ஜிரி, அரைத்து உருட்டினால் ட்சுகுனே. ஒரு கோழி இத்தனை பேராகப் பிரிகிறது. ஒவ்வொன்றுக்கும் உப்பா, தாரேவா என்று கேட்பார்கள். தாரே என்பது சோயா, மிரின் என்ற இனிப்பு அரிசி மது, சர்க்கரை சேர்த்துக் காய்ச்சிய குழம்பு. பல கடைகளில் பழைய பானையைக் காலி செய்யாமல் மேலே மேலே ஊற்றிக்கொண்டே வருவார்கள், நம் வீடுகளில் தயிருக்குப் பழைய உறை போகிற மாதிரி.

குச்சி குத்துவதைக் கற்க மூணு வருஷம், சுடுவதைக் கற்க ஆயுசு முழுக்க என்று அங்கே ஒரு சொலவடை உண்டு. கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தபோது எனக்கு எங்க கட்டிங் மாஸ்டர் ஞாபகம் வந்தார். துணியில் கிரெய்ன் பார்த்து வெட்டுகிற மாதிரி, கறியில் நார் போகிற திசை பார்த்து, அதற்குக் குறுக்காகக் குத்துகிறார்கள். அப்போதுதான் துண்டு சுற்றாமல், கழன்று விழாமல் நிற்கும். கைப்பிடிப் பக்கம் சின்னத் துண்டு, நுனிப் பக்கம் பெரிய துண்டு. முதல் கடி நல்ல கடியாக இருக்கணும்.

கரி இன்னொரு விஷயம். நல்ல கடைகளில் பின்சோடான் என்ற கரி. கிஷூ என்று அழைக்கப்பட்ட வாகயாமா பகுதியின் உபாமே என்ற ஓக் மரத்தைச் சூளையில் மெதுவாக எரித்து, கடைசிக் கட்டத்தில் காற்றைத் திறந்துவிட்டு 1000 டிகிரி வரை ஏற்றி, வெளியே இழுத்து ஈர மண்-சாம்பலில் புதைத்து அணைப்பார்கள். ஒன்றோடொன்று தட்டினால் இரும்பு மாதிரி 'கிண்'ணென்று கேட்கும். சுவாலை இல்லை, கரியிலிருந்து புகையும் ரொம்பக் குறைவு. கேஸ் எரியும்போது நீராவி வரும், கறியின் மேல்தோல் முறுகுவதற்குள் ஈரமாகும். கரியில் அந்தத் தொல்லை இல்லை. கடையில் கிளம்புகிற புகை, கொழுப்பு சொட்டிக் கரியில் விழுந்து வருகிற புகை. வாசனையும் அதுதான்.

இவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் யாகிடோரி பணக்காரச் சாப்பாடாகப் பிறக்கவில்லை. 675-இல் தென்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஐந்தையும் வருஷத்தில் பாதி மாதங்கள் உண்ணத் தடை போட்டார். அதன் பிறகு நூற்றாண்டுகளாக இறைச்சி மேல் ஒரு கூச்சம் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், பெரிய கோழி உணவகங்கள் ஒதுக்கின குடலையும் மிச்சத்தையும் குச்சியில் குத்திச் சுட்டுத் தள்ளுவண்டியில் விற்றார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் சாம்பலாகக் கிடந்தபோது ஸ்டேஷன் வாசல் கள்ளச்சந்தைகளில் மாடு, பன்றிக் குடல்களும் அதே குச்சியில் ஏறின. 1960-களில் பிராய்லர் வந்து கோழி மலிந்த பிறகுதான் இன்றைய யாகிடோரிக் கடைகள் பெருகின. கூலிக்காரன் சாப்பாடு, பிறகு ஆபீஸ்காரன் சாப்பாடு.

சரி, அந்த ராத்திரிக்கு வருகிறேன். தின்று முடித்த குச்சிகளை மேசையில் இருக்கும் மூங்கில் குழாயில் போடணும். மேனேஜர் ஒவ்வொரு குச்சியாக நிதானமாகப் போட்டுக்கொண்டே, "உங்கள் ஃபேக்டரியில் உடைந்த ஊசித் துண்டுகளை ரிஜிஸ்டரில் ஒட்டி வைத்திருந்தது நன்றாக இருந்தது" என்றார். ஜப்பான் ஆர்டர் செய்கிறவர்களுக்குத் தெரியும், தையல் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து டேப் போட்டு ஒட்டணும், ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் அந்த இடத்துச் சரக்கு முழுக்க நிற்கும். பிறகு பில்லுக்குச் சம்பந்தமில்லாத குரலில், அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னார்: "ஊசி விஷயத்தில் பொய் சொல்லவில்லை. சாயத்தில் மட்டும் ஏன்?"

விலையோ தாமதமோ பிரச்சினை இல்லையாம். பட்டறைகள் மூடிக் கிடந்த மாதங்களில் எங்கள் கம்பெனியிலிருந்து மூன்று முறை 'நோ பிராப்ளம்' என்று மெயில் போயிருக்கிறது. கோர்ட் உத்தரவை அவர்கள் வேறு வழியில் தெரிந்துகொண்டார்கள். முதல் நாளே சொல்லியிருந்தால் தேதியை மாற்றியிருப்போம் என்றார்.

அந்த மூன்று மெயிலையும் எழுதியது நான்.

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. அடுத்த ஒரு மணி நேரம் அவரே பேசினார். நொய்யல், ஒரத்துப்பாளையம் அணை, விவசாயிகளின் கிணறுகள், கோர்ட், எங்கள் கடன், எல்லாவற்றையும். நான் மொழிபெயர்த்தேன். அந்த ஆர்டர் போனது போனதுதான். அடுத்த சீசனில் 3,000 பீஸ் ட்ரையல் ஆர்டர் வந்தது. ஹோட்டலுக்கு நடக்கும்போது அண்ணன் ஒன்றே ஒன்று சொன்னார்: "இனிமே கெட்ட சேதியை மொத நாளே எழுதிரு தம்பி."

எதனால் அங்கே பேச முடிந்தது?

இதைத்தான் பிறகு பல நாள் யோசித்தேன். குடிச்சா உண்மை வரும் என்பது விடையல்ல. அண்ணன் குடித்தது டீ. மேனேஜர் இரண்டு கிளாஸ் பீருக்கு மேல் போகவில்லை. என் கணக்கில் விடை குச்சிதான். ஒரு குச்சியில் நாலு துண்டு, ஐந்து நிமிஷம். அடுத்தது சுட்டு வர இன்னும் கொஞ்ச நேரம். ஒரே தட்டாக வந்திருந்தால் தின்று எழுந்திருப்போம். இப்படித் துண்டு துண்டாக வருவதால் காத்திருக்கணும், காத்திருக்கும்போது பேசணும். கஷ்டமான பேச்சை முகத்தைப் பார்க்காமல் நெருப்பைப் பார்த்துக்கொண்டே சொல்லலாம்.

இதை அளவுக்கு மீறிப் புகழவும் கூடாது. குடிப்பதற்கான ஜப்பானியச் சொல்லையும் 'கம்யூனிகேஷ'னையும் ஒட்டி 'நொமினிகேஷன்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். அதே நாட்டில் மேலதிகாரி குடிக்க வற்புறுத்தும் கொடுமைக்கும் தனியாக ஒரு பேர் இருக்கிறது. அந்தக் கடையில் பெண்கள் மிகக் குறைவு. இளைஞர்கள் இப்போது குறைவாகக் குடிக்கிறார்கள் என்று, அவர்களைக் குடிக்க வைக்க யோசனை கேட்டு வரித்துறையே 2022-இல் போட்டி நடத்தி உலகமே சிரித்தது.

நமக்கு இது அந்நியமான விஷயமும் இல்லை. பொருநராற்றுப்படையில் கரிகாலன் கொடுக்கும் விருந்தில் கள்ளும் உண்டு, கம்பியில் கோத்துச் சுட்ட கறியும் உண்டு. கொல்லை உழுத கொழுப் போலப் பல் தேயும் அளவுக்குத் தின்றதாகப் பொருநன் சொல்கிறான். அவ்வளவு தூரம் போக வேண்டாம், எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் கள்ளுக்கடை என்றாலே தொட்டுக்க இருந்த கறியையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். 1987 ஜனவரியில் கள்ளும் சாராயமும் தடையானது. 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில். சனிக்கிழமை சம்பளம் போட்டதும் ஒன்றரை ஷிஃப்ட் பார்த்த பையன் கடைக்குப் போவான், குவார்ட்டரைப் பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றி, நின்றபடி பத்து நிமிஷத்தில் முடிப்பான். பேச்சும் இல்லை, சாப்பாடும் இல்லை, ஒளிவுமறைவு மட்டும் உண்டு. அதன் விலையை வீட்டில் இருக்கிற பெண்கள் கொடுக்கிறார்கள். நண்பர் கேட்ட கேள்விக்கு இப்போது பதில்: இல்லைங்க, நம்ம பாரு போவதற்கான இடம். இஸகாயா இருப்பதற்கான இடம்.

திருப்பூரில் அதற்கு நெருக்கமான ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் பேக்கரியைத்தான் காட்டுவேன். பவர் டேபிள்காரர், செக்கிங் சூப்பர்வைசர், டிரைவர், முதலாளி எல்லோரும் ஒரே பெஞ்சில், ஒரு டீயும் தேங்காய் பன்னும். நான் இப்போது சனிக்கிழமை சாயங்காலம் கட்டிங் மாஸ்டரையும் லைன் சூப்பர்வைசர்களையும் அங்கே கூட்டிப் போகிறேன். ஒரே தடவையில் ஆர்டர் கொடுப்பதில்லை. முதலில் டீ, பிறகு பஃப்ஸ், பிறகு இன்னொரு டீ. முக்கால் மணி நேரம் ஆகிறது. எந்த லைனில் என்ன தகராறு என்று ஆபீசில் வராத சேதி, இரண்டாவது டீயில் வருகிறது.

வீட்டில் சுட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பின்சோடான் தேட வேண்டாம். காங்கேயம் பக்கம் கொட்டாங்குச்சிக் கரி கிடைக்கும், நல்ல சூடு, புகை குறைவு. மூங்கில் குச்சியை அரை மணி நேரம் தண்ணீரில் ஊற வையுங்கள். எலும்பில்லாத தொடைக்கறி, நடுவே வெங்காயத் தாள், உப்பு மட்டும். மசாலா வேண்டாம். ஒரு தடவைக்கு ஒருத்தருக்கு ஒரு குச்சிக்கு மேல் சுடாதீர்கள்.