ஏலத்திற்கு ஏழு நாள், சம்பளத்திற்கு மூன்றரை வருடம்

கச்சான் காற்று வீசத் தொடங்கினால் ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் வந்துவிடும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை அதற்காகவே கொழும்பு ஏலத்தில் வாங்குநர்கள் காத்திருப்பார்கள். 1883 இல் தொடங்கிய அந்த ஏலம் வாரந்தோறும் நடக்கிறது. விலையும் வாரந்தோறும் மாறுகிறது. பசறையிலோ அப்புத்தளையிலோ அந்தக் கொழுந்தைப் பறித்தவரின் நாட்சம்பளம் மட்டும் வருடக்கணக்கில் அசையாது.

இந்த இடைவெளியைப் பௌதிகவியல் கொண்டும் பார்க்கலாம். வாயு மூலக்கூறுகள் மோதி மோதிச் சமநிலைக்கு வருவதை விளக்கும் அதே கணிதத்தைப் பொருளாதாரத்தில் பயன்படுத்தும் துறைக்கு ‘எக்கனோபிசிக்ஸ்’ என்று பெயர். சூட்டியவர் பௌதிகவியலாளர் இயூஜின் ஸ்டான்லி. இடம் கொல்கத்தா, ஆண்டு 1995. ஐந்து வருடம் கழித்து திரகுலெஸ்கு, யாகோவென்கோ என்ற பௌதிகவியலாளர் இருவரும் ஒரு கணக்குப் போட்டார்கள். எல்லோரும் ஒரே தொகையுடன் தொடங்கி, ஏமாற்று எதுவுமின்றிக் காசைக் கண்டபடி கைமாற்றினாலும், கடைசியில் பலரிடம் கொஞ்சமும் சிலரிடம் நிறையவுமாகத்தான் தேங்குகிறது.

தோட்டத்துக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அதில் மொத்தக் காசு மாறக் கூடாது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கோ கொழும்பில் வேலை செய்யும் பிள்ளையின் காசும் வந்து சேர்கிறது. பொருந்துவது வேறொன்று: நேரம். வெளியே நிலைமை மாறும் வேகத்தைவிட உள்ளே சரிக்கட்டும் வேகம் கூடுதலாக இருந்தால்தான் சமநிலை என்ற பேச்சுக்கே இடமுண்டு.

நாட்சம்பளம் சரிக்கட்டிய வேகத்தைப் பாருங்கள். 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை வழியாக முழுநாள் வேலைக்கு 1,000 ரூபாய் வர்த்தமானியில் வந்தது. மறுவருடம் ரூபாய் சரிந்தது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுக்கு 94.9. ஏலத்தில் தேயிலையின் சராசரி விலை ஒரே வருடத்தில் ஏறத்தாழ இரட்டித்தது. நாட்சம்பளம் அதே 1,000.

அரசின் இரசாயன உரத் தடையால் விளைச்சல் விழுந்தது உண்மை; தோட்டக் கம்பனிகள் அதைச் சொல்வதில் பிழையில்லை. ஆனால் மாவு விலை அதற்காகக் காத்திருக்கவில்லையே! 2024 இல் 1,700 ரூபாய் என்று வந்த வர்த்தமானி வழக்கில் சிக்கியது. 1,350 என்று முடிவானபோது அந்த வருடம் செப்டெம்பர் ஆகிவிட்டது.

விலையின் வேகத்துக்குச் சம்பளம் ஈடுகொடுக்காதபோது, சந்தை தானாகச் சரிக்கட்டும் என்ற வாதம் இங்கே எடுபடாது. வாழ்க்கைச் செலவுச் சுட்டெண்ணோடு சேர்த்து நாட்சம்பளத்தை வருடந்தோறும் திருத்தும் விதி வேண்டும். அடுத்த பேச்சுவார்த்தையில் மலையகத் தொழிற்சங்கங்கள் தொகையைக் கேட்பதற்கு முன் அந்த விதியைக் கேட்கட்டும்.