கோடை வார இறுதியும் குடும்பத்தின் உரிமையும்: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துக்கு ஒரு கையேடு

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கோடை விடுமுறையின் சனி, ஞாயிறுகள் பெரும்பாலும் அதிகச் செலவு வைக்காத இடங்களில்தான் கழிகின்றன. செஞ்சிக்கோட்டை, மண்டகப்பட்டுக் குடைவரை, திருவக்கரைக் கல்மரப் பூங்கா, வீடூர் அணை, மரக்காணம் கடற்கரை, கொஞ்சம் தாராளமாகக் கிளம்பினால் புதுச்சேரி. இவற்றைச் சட்டத்தின் கண்ணில் பார்த்தால் இரண்டாகப் பிரிக்கலாம்: சீட்டு வாங்கி நுழையும் இடம், சீட்டே இல்லாத இடம். பணம் வாங்கியவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். ஏரிக்கும் ஆற்றுக்கும் கைவிடப்பட்ட கல்குவாரிக்கும் சீட்டு கிடையாது. விபத்து நடந்தால் யாரைக் கேட்பது என்பதே அங்கே முதல் சிக்கல். இந்த வட்டாரத்தில் குழந்தைகளுக்கு நேரும் ஆபத்து பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை இடத்தில்தான் காத்திருக்கிறது.

பயணத்திலிருந்தே தொடங்கலாம். ஒரே பைக்கில் அப்பா, அம்மா, நடுவில் ஒன்று, பெட்ரோல் டேங்கின் மேல் ஒன்று என்று செஞ்சிக்குப் போகும் காட்சி எல்லோருக்கும் பழகியது. நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கும் தலைக்கவசம் கட்டாயம். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தையை ஓட்டுநரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டை வேண்டும், குழந்தையின் தலைக்கு ஏற்ற கவசம் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. 2022-இல் அறிவிக்கப்பட்ட இந்த விதி 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. விடுமுறைதானே என்று பதினாறு வயதுப் பிள்ளையிடம் வண்டியைக் கொடுத்தால் பெற்றோருக்கோ வாகன உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவும் ஓராண்டுக்கு ரத்தாகும்.

இதைவிடப் பெரிய ஆபத்து டாடா ஏஸ் போன்ற சரக்கு வண்டி. மயிலம் முருகன் கோயிலுக்கோ மேல்மலையனூருக்கோ இருபது பேர் ஏறிப் போனால் ஆளுக்குச் சில பத்து ரூபாய் மிச்சம். ஆனால் சரக்கு வண்டியில் சும்மா ஏறிச் சென்ற பயணிக்கு இழப்பீடு தரும் கடமை காப்பீட்டு நிறுவனத்துக்கு இல்லை என்று ஆஷா ராணி வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. வண்டிக்காரரிடம்தான் கேட்க வேண்டும், அவரிடம் இருப்பதோ அந்த வண்டி ஒன்றுதான். குடும்பமாகப் போக அரசுப் பேருந்தே மேல். ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அதில் கட்டணமில்லை.

சாலை விபத்தில் சிக்கினால் தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். திண்டிவனத்துக்கு வடக்கே மேல்மருவத்தூரில் 2021 டிசம்பரில் தொடங்கிவைக்கப்பட்ட இத்திட்டத்தில், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையும் முன்பணம் கேட்கக் கூடாது. காயம்பட்டவர் எந்த மாநிலத்தவர் என்பதும் பொருட்டல்ல. தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033. விபத்து இழப்பீட்டு மனுவுக்கு ஆறு மாதக் காலவரம்பைச் சட்டத்திருத்தம் மீண்டும் கொண்டுவந்துள்ளது. காயம் ஆறட்டும் என்று அதைத் தள்ளிப்போடுவது நல்லதல்ல.

வழியில் நிற்கும் மோட்டல் தனிக்கதை. விக்கிரவாண்டி, திண்டிவனம் சாலையில் பேருந்து நிற்கும் கடைகளில் இருபது ரூபாய் தண்ணீர் பாட்டிலுக்குக் கூடுதலாகக் கேட்பது பயணிகளின் நெடுநாள் புகார். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஓட்டலில் மேசையில் அமரவைத்துப் பரிமாறும் பாட்டிலுக்கு எம்.ஆர்.பி. வரம்பு பொருந்தாது என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் கடை கவுன்டரில் எடுத்துக் கொடுக்கும் பாட்டிலும் பிஸ்கட் பாக்கெட்டும் சில்லறை விற்பனை. அதில் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் குற்றம். ‘கூலிங் சார்ஜ்’ என்று சட்டத்தில் எதுவும் இல்லை. பில் கேட்டு வாங்கி, பாட்டிலின் விலை அச்சைப் படமெடுத்து, தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவிலோ 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலோ புகார் செய்யலாம். பில் தர மறுத்தால் ஜிபே ரசீதும் சான்றாகும். பெட்ரோல் போடுபவருக்குப் பங்கில் கழிப்பறையும் குடிநீரும் இலவசம் என்பதையும் சேர்த்து நினைவில் வைப்பது நல்லது.

குழந்தைகள் கைநீட்டும் தின்பண்டங்களில் பஞ்சுமிட்டாய்க்கு முதலிடம். 2024 பிப்ரவரியில் புதுச்சேரியும் அடுத்த சில நாளில் தமிழகமும் அதைத் தடை செய்தன. சோதனையில் ரோடமின்-பி என்ற, துணிக்கும் தோலுக்கும் ஏற்றும் சாயம் சிக்கியதே காரணம். எந்த உணவிலும் சேர்க்க அனுமதியில்லாத பொருள் அது. அதே ஆண்டு ஏப்ரலில், புகை கக்கும் திரவ நைட்ரஜன் பிஸ்கட் பற்றித் தமிழக உணவுப் பாதுகாப்புத் துறை எச்சரித்தது. அந்தத் திரவம் வாயையும் குடலையும் வெந்துபோகச் செய்யும். பொருட்காட்சிகளில் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் எது விற்றாலும் சந்தேகப்படுவதில் தவறில்லை. சாலையோரம் நுங்கு சீவித் தருகிற ஊரில் இவற்றுக்குக் குழந்தையை அழவிட வேண்டியதில்லை என்பது ஒருபுறமிருக்க, புகாருக்கான வாட்ஸ்அப் எண் 94440 42322.

செஞ்சிக்கோட்டை 2025 ஜூலையில், மராத்திய இராணுவ நிலக்காட்சிகளின் பன்னிரண்டு கோட்டைகளில் ஒன்றாக, யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. மே மாத நண்பகலில் கோட்டையின் ராஜகிரி மலையில் ஏறுவது பெரியவர்களுக்கே சோதனை. பாறை வாங்கிவைத்த சூட்டை மாலை வரை திருப்பித் தரும். ஏறுவதைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும். வியர்வை நின்று, உடல் கொதித்து, குழந்தை உளற ஆரம்பித்தால் அது சாதாரணக் களைப்பல்ல. நிழலில் கிடத்தி, ஈரத்துணியால் போர்த்தி விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும். மயங்கிய வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. வெப்ப அலையைத் தமிழக அரசு 2024-இல் மாநிலப் பேரிடராக அறிவித்ததால், அதில் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. இறப்புக்கு வெப்பமே காரணம் என்று மருத்துவப் பதிவில் இருந்தால்தான் அது கைக்கு வரும். கோட்டைச் சுவரில் பெயர் கிறுக்கினால் இரண்டாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். திருவக்கரையில் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழமையான கல்மரத் துண்டைப் பையில் போட்டு வருவதும் குற்றமே.

தண்ணீர்தான் உயிர் குடிப்பது. வானூர் வட்டத்தில், திருவக்கரையைச் சுற்றிக் கல்குவாரிகள் ஏராளம். வேலை நின்றுபோன குவாரியில் மழைநீரும் ஊற்றும் சேர்ந்து பச்சைநிறக் குளமாகும். ஏரிக்குக் கரைச் சரிவு இருக்கும், இதற்குக் கிடையாது. விளிம்பிலிருந்து ஓரடி தள்ளினால் பல ஆள் ஆழம், பிடித்து ஏறப் படியோ வேரோ இல்லாத செங்குத்துப் பாறை. ஏரிகளிலோ கோடையில் வண்டல் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கடியில் மறைந்திருக்கும். முழங்கால் ஆழத்தில் விளையாடும் பிள்ளை அடுத்த எட்டில் காணாமல் போவது இதனால்தான். தென்பெண்ணையில் ஒவ்வொரு வெள்ளமும் ஆற்றுப்படுகையை மாற்றிவிடும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் வெள்ளத்துக்குப் பிறகு, ‘போன வருஷம் இங்கேதான் குளித்தோம்’ என்ற நம்பிக்கைக்கு மதிப்பில்லை. மரக்காணம் முதல் பொம்மையார்பாளையம் வரை கடல் எங்கே இழுக்கும் என்பது அங்குள்ள மீனவர்களுக்குத் தெரியும். அவர்கள் வேண்டாம் என்றால் காலைக்கூட நனைக்கக் கூடாது.

ஒருவர் மூழ்க, காப்பாற்ற இறங்கிய மற்றவரும் மூழ்குவதுதான் இத்தகைய விபத்துகளில் வழக்கமாக நடப்பது. நீச்சல் தெரிந்தவரும் இறங்குமுன் கரையிலிருந்து சேலை, துப்பட்டா, கயிறு, மூடிய காலிக்குடம் எதையாவது வீச வேண்டும். கரையேற்றிய குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் பொன்னான நிமிடங்களை வீணாக்கும். மூச்சில்லை என்றால் உடனே வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், இரண்டு ஊதல் என்று 108 வரும்வரை விடாமல் செய்ய வேண்டும்.

மரணம் நேர்ந்தால் உறவினர்கள் போஸ்ட்மார்ட்டம் வேண்டாம் என்று கெஞ்சி உடலை வாங்கிப்போவது உண்டு. அந்தத் துயரம் புரியக்கூடியதே. ஆனால் இழப்பீட்டுக்கான ஆதாரமும் அத்தோடு போய்விடுகிறது. வேலியின்றிக் குவாரியைத் திறந்துபோட்டவர் மீது பாரதிய நியாய சன்ஹிதா 106-ஆம் பிரிவில் வழக்குப் பதியக் கேட்கலாம். புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையத்தில் தரும் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் போதாது, எஃப்.ஐ.ஆர். நகல் வேண்டும், அதற்குக் கட்டணமில்லை. பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பி, அதற்கும் பலனில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் போகலாம். குழந்தை வேறொருவர் பொறுப்பில் இருந்தபோது நடந்தது என்றால் வழி இன்னும் தெளிவு. 1995-இல் பள்ளிச் சுற்றுலாவில் பியாஸ் ஆற்றில் 14 மாணவர்கள் மூழ்கிய வழக்கில் ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2001-இல் உறுதிசெய்தது. கோடை முகாம் நடத்துவோருக்கும் அதே பொறுப்பு உண்டு.

கேளிக்கைப் பூங்கா, ரிசார்ட் நீச்சல்குளம், திருவிழா ராட்டினம் ஆகியவை சீட்டு உள்ள இடங்கள். ‘விபத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற பலகையும், முகாமில் கையெழுத்து வாங்கும் படிவமும் அலட்சியத்தை மன்னித்துவிடாது. 2025 மே இறுதியில் சென்னை ஈ.சி.ஆர். பூங்கா ஒன்றில் ராட்டினம் உயரத்தில் நின்றுபோய் 36 பேரைத் தீயணைப்புத் துறை இறக்க வேண்டியிருந்தது. பட்டை சரியாக மாட்டவில்லை, குளத்தருகே உயிர்காப்பாளர் இல்லை என்றால் ஏறாமல், இறங்காமல் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்.

தராவிட்டால் விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டப்படி, பூங்கா சென்னையில் இருந்தாலும் புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளத்திலும் மனு செய்யலாம். சீட்டு, பில், எச்சரிக்கைப் பலகையின் படம், மருத்துவச் சீட்டு ஆகியவையே ஆதாரம். வக்கீல் வேண்டும் என்றால் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பாராமல் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக ஒருவரை நியமிக்கும். அதற்கான எண் 15100.