மோட்டர் போட்டால் லைட் ஏன் வெட்டுகிறது?

மன்னார்த் தீவில் பொழுதுபடும் நேரத்தில் வீட்டுக்கு வீடு விளக்குப் போடுவார்கள். கிணற்று மோட்டரைப் போடுவதும் அதே நேரத்தில்தான். தாங்கி நிரம்பினால்தான் இரவுக்குத் தண்ணீர். மோட்டர் உறுமிக்கொண்டு எழும்பும் நொடியில், பிள்ளையின் பாடப்புத்தகத்துக்கு மேலே எரியும் மின்குமிழ் சட்டென மங்கித் தெளியும். "பக்கத்து வீட்டில மோட்டர் போட்டுட்டாங்க" என்பார் அம்மா, அடுப்படியில் இருந்தபடியே.

அம்மா சொல்வது சரி. ஆனால் இப்போது சில வீடுகளில் வேறொரு மினுக்கம் தெரிகிறது. மோட்டர் எழும்பும்போது மட்டும் இல்லை, அது ஓடி முடியும்வரை லைட் நடுங்கிக்கொண்டே இருக்கும். அதற்கு அம்மாவின் விளக்கம் போதாது.

முதலில் பழைய மினுக்கத்தைப் பார்ப்போம். ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது சுமார் 6 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நின்ற நிலையில் இருந்து எழும்பும்போது அதைப் போல் ஐந்தாறு மடங்கு, அதாவது 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ட்ரான்ஸ்போமரில் இருந்து வீடுவரை வரும் கம்பியின் மொத்தத் தடை அரை ஓம் இருந்தாலே அந்தக் கணத்தில் 15 வோல்ட் கம்பியில் கரைந்துவிடும். 230 வோல்ட் 215 ஆகிவிடும். இலங்கையில் அனுமதிக்கப்பட்ட ஏற்றத்தாழ்வு 6 சதவீதம் மேலும் கீழும்தான். அதன் கீழ் எல்லையான 216-ஐ இந்த ஒரு மோட்டரே தொட்டுத் தாண்டிவிடுகிறது. லைனின் கடைசித் தூணில் இருக்கும் வீட்டுக்கு இது இன்னும் மோசம்.

உப்புக்காற்று தன் பங்கைச் சேர்க்கிறது. தென்மேற்குக் காற்றான சோழகம் வீசும் மாதங்களில் கடலின் ஈரமும் உப்பும் கம்பி இணைப்புகளில் படிந்து அரிக்கின்றன. அரித்த இணைப்பில் தடை கூடும், சூடேறும், மினுக்கமும் கூடும். இதில் அஞ்ச வேண்டியது நியூட்ரல் கம்பியின் இணைப்புத் தளர்வதுதான். மும்முனை லைனில் நியூட்ரல் அறுந்தால் ஒரு வீட்டில் லைட் மங்கும், இன்னொரு வீட்டில் வோல்ட் 300-ஐயும் தாண்டும். சில லைட் மங்கி, சில வழமையை விடப் பளிச்சென எரிந்தால் முதல் வேலை மெயின் சுவிட்சை நிறுத்துவது. பிறகுதான் மற்றதெல்லாம்.

மினுக்கத்துக்குக் காற்றாலையின் மேல் பழி போடுவது எளிது. 2020 டிசம்பரில் தொடங்கிவைக்கப்பட்ட தம்பபவனி காற்றாலையின் 30 காற்றாடிகள் தீவின் தென்கரையில் நிற்கின்றன. மொத்தத் திறன் 103.5 மெகாவாட். அவற்றின் மின்சாரம் நடுக்குடா உபமின்நிலையத்தில் சேர்ந்து, உயர் அழுத்தக் கம்பியில் ஏறித் தேசிய மின்வலைக்குப் போகிறது. வீட்டுக்கு நேரே வருவதில்லை. காற்றாலை பற்றி மன்னார் மக்களுக்கு இருக்கும் கேள்விகள் வேறு, அவை பெறுமதியானவை. சமையலறை லைட் மோட்டரோடு சேர்ந்து நடுங்குவதை அந்தக் கணக்கில் எழுத முடியாது. சாய்ந்த வெயிலில் இறக்கையின் நிழல் முற்றத்தில் வெட்டி வெட்டிப் போவதும் ஒரு மினுக்கம்தான். அது நிழலின் வேலை, கரண்டின் வேலை இல்லை.

இனிப் புதிய மினுக்கம். அது புது வகை பம்போடு வருகிறது. நீச்சல் தடாகம் உள்ள விடுதிகளில் தண்ணீரைச் சுற்றவிட்டு வடிகட்டும் பம்ப் நாளில் பல மணி நேரம் ஓடவேண்டும். பம்பின் வேகத்தைப் பாதியாக்கினால் அது தின்னும் மின்வலு ஏறத்தாழ எட்டில் ஒன்றாகிவிடும். கரண்ட் பில்லைப் பார்த்தவர்கள் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் பம்புக்கு மாறுவதில் வியப்பில்லை. வீட்டுக் கிணற்றுக்கும் இப்போது அதே வகை பம்ப் கிடைக்கிறது.

இந்த இன்வெர்ட்டர் கரண்டை நொடிக்குப் பல ஆயிரம் தடவை நறுக்கி மோட்டருக்குக் கொடுக்கிறது. நறுக்கும்போது சிதறும் துணுக்குகள்தான் மின் இரைச்சல். நல்ல பம்பில் அதை உள்ளேயே பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கும். விலை குறைக்கத் தொடங்கினால் முதலில் காணாமல் போவதும் அதுதான். மிஞ்சிய இரைச்சல் எர்த் கம்பி வழியாகத் திரும்பப் பார்க்கும். உலர்ந்த மணல் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. அதில் இறக்கிய எர்த் கம்பியும் துருப்பிடித்திருந்தால், இரைச்சல் வீட்டு வயரிங் எங்கும் அலையும்.

பழைய மஞ்சள் பல்புக்கு இது உறைக்காது. இழை சூடாகவே இருப்பதால் நுண்ணிய நடுக்கத்தை விழுங்கிவிடும். மலிவு விலை எல்.ஈ.டி. அப்படியில்லை, வருவதை அப்படியே காட்டும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிமர் பூட்டியிருந்தால் தொல்லை இரட்டிப்பாகும். மின்னழுத்தம் சுழியத்தைத் தொடும் கணத்தை நொடிக்கு 100 தடவை பார்த்து வேலை செய்வது டிமர். இரைச்சல் புகுந்தால் அது கணத்தைத் தவறாக எண்ணும். ஆக, குற்றத்தில் பாதி பம்பினுடையது, மீதிப் பாதி மலிவு விலை மின்குமிழினுடையது.

ஒரு வீட்டின் இரைச்சல் ஊரையே படுத்தும் என்பதற்குச் சாட்சி, வேல்ஸ் நாட்டின் அபர்ஹோசன் என்ற சிற்றூர். அங்கே 18 மாதங்களாக ஒவ்வொரு நாளும் காலை 7 மணிக்கு இணையம் படுத்துவிடும். கேபிளை மாற்றியும் பயன் இல்லை. ஒரு வீட்டில் காலையில் போடும் பழைய தொலைக்காட்சிப் பெட்டிதான் காரணம் என்று பொறியியலாளர்கள் கண்டுபிடித்த செய்தி 2020 செப்டெம்பரில் வெளிவந்தது. நெதர்லாந்தின் ட்வெண்டே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்டது இன்னும் விசித்திரம். டிமரோடு சேர்ந்த மின்குமிழ்கள் எழுப்பிய இரைச்சலில் சில எலெக்ட்ரானிக் மீட்டர்கள் 582 சதவீதம்வரை கூடுதலாக ஓடின. வேகக் கட்டுப்பாட்டுத் தண்ணீர்ப் பம்ப் ஒன்றும் மீட்டரைக் குழப்பியதை அதே குழு 2019-இல் காட்டியது. அவை ஆய்வுகூடத்தில் கண்டவை. அடுத்த பில்லோடு மின்சார சபைக்குச் சண்டைக்குப் போக இது ஆதாரம் ஆகாது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. பற்றரியில் ஓடும் பழைய வானொலியை மத்திய அலையில், நிலையம் ஏதும் கேட்காத இடத்தில் வையுங்கள். பம்பை ஓடவிட்டு வானொலியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போங்கள். 'கிர்ர்ர்' என்ற ஒலி கூடிக்கொண்டே வந்து, பம்பை நிறுத்தியதும் அடங்கினால் இரைச்சல் அங்கிருந்துதான். ஒலியே இல்லாமல், மோட்டர் எழும்பும்போது மட்டும் லைட் மங்கினால் அது கம்பியின் குறை. யாரும் குழாய் திறக்காமலே சில நிமிடத்துக்கு ஒருதடவை மங்கினால் பிரஷர் பம்ப் தானாக எழும்பி அடங்குகிறது என்று பொருள். எங்கோ ஒழுகுகிறது, குழாய்களைப் பாருங்கள்.

மருந்தும் பெரிய வித்தை இல்லை. பம்புக்கு மெயின் போர்டில் இருந்து தனி லைன், இன்வெர்ட்டர் வாயிலில் வடிகட்டி, இன்வெர்ட்டரில் இருந்து மோட்டருக்குக் கவசமிட்ட கேபிள், புதிதாய் இறக்கிய எர்த். இவை செய்தும் நடுங்கும் மின்குமிழைத் தூக்கி எறியலாம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். இன்வெர்ட்டர் பம்ப் எர்த்துக்குள் சிறிது கரண்டைக் கசியவிடுவதால் சில வீடுகளில் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழும். தொல்லை தாங்காமல் அதைக் கழற்றி நேரே இணைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே கரண்டை வெட்டி உயிரைக் காப்பாற்றவே அந்தச் சுவிட்ச் இருக்கிறது. கிணற்றடியிலும் நீச்சல் தடாகத்திலும் ஈரக் காலோடுதான் நிற்கிறோம். சுவிட்ச் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், பம்பை மின்னியலாளரிடம் காட்டுங்கள். தெரு முழுக்க லைட் மங்கினால் மின்சார சபையின் 1987 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.