உங்களுக்குத் தெரியுமா? – வடிகட்டிய வெளிச்சம்

● 1927 ஏப்ரல் 10. அமெரிக்காவின் யோசெமிட்டியில், ஹாஃப் டோம் என்ற பிரம்மாண்டப் பாறைக்கு எதிரே நின்ற புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸிடம் மிச்சமிருந்தவை இரண்டே கண்ணாடித் தகடுகள். ஒன்றை மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்தார். எடுத்த கையோடு மனசு ஒப்பவில்லை. தான் பார்த்த கம்பீரம் இதில் வராது என்று பட்டது. கடைசித் தகட்டுக்கு அடர்சிவப்பு ஃபில்டரை மாட்டினார். சிவப்புக் கண்ணாடி நீல ஒளியை உள்ளே விடாது. அதனால் நீல வானம் ஏறக்குறைய கறுப்பாக விழ, பாறை தனித்து எழுந்து நின்றது. 'மோனோலித்' என்ற அந்தப் படத்தைத்தான், எடுக்கும் முன்பே மனத்தில் பார்த்துவிட்டு எடுத்த தன் முதல் படம் என்று ஆடம்ஸ் பின்னாளில் சொன்னார்.

● 1850களில் கடலைச் சரியாக எடுத்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். அன்றைய ரசாயனத்தில் நீல ஒளி அவ்வளவு வேகமாகப் பதிந்தது. பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று என இரண்டு நெகட்டிவ்களை ஒரே தாளில் பிரிண்ட் போட்டுச் சமாளித்தார். இன்று, மேல்பாதி மட்டும் கறுத்த கிராஜுவேட்டட் ஃபில்டர் அந்த வேலையை ஒரே கிளிக்கில் முடிக்கிறது.

● திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1921-இல் இங்கிலாந்து போய்த் திரும்புகையில், கப்பல் தளத்தில் நின்று நிகோல் பட்டகம் வழியாகக் கடலைப் பார்த்தார். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்பது அன்றைய நம்பிக்கை. பட்டகம் அந்தப் பிரதிபலிப்பை அணைத்தது. நீலமோ மறையவில்லை, இன்னும் ஆழமாகத் தெரிந்தது! நீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்தது இப்படித்தான். 1930-இன் நோபல் பரிசு வரை சென்ற பாதை அங்கே தொடங்கியது.

நம் லென்ஸில் மாட்டும் போலரைசர் செய்வதும் அந்தப் பட்டகம் செய்ததையேதான். குளக்கரையில் நின்று அதன் வளையத்தை மெல்லத் திருப்பிப் பாருங்கள். நீர்மேல் பளபளக்கும் வானம் மங்கும். பாசி தெரியும், அடிக்கல் தெரியும், கல்லை ஒட்டி நிற்கும் மீனும் தெரியும். படத்தில் பதிவாகாத மீனைப் பிறகு கணினியில் மீட்க வழியில்லை. ஒரே ஒரு ஃபில்டர் வாங்கத்தான் காசு இருக்கிறதா? கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்குங்கள்.

● போலரைசர் வானத்தை எங்கே அதிகம் கறுக்கச் செய்யும்? சுட்டுவிரலைச் சூரியனை நோக்கி நீட்டி, கட்டைவிரலைச் செங்குத்தாக விரித்து, மணிக்கட்டைச் சுழற்றுங்கள். கட்டைவிரல் காட்டும் திசையெல்லாம் அதன் ராஜ்யம். சூரியன் நேர் முதுகுக்குப் பின்னால் இருந்தால் வானத்தில் பலன் இல்லை. வானவில்லை எடுக்கும்போது மட்டும் கவனம்: வளையம் தவறாகத் திரும்பினால் வில்லே காணாமல் போகும்.

● 'பத்து ஸ்டாப்' என்.டி. ஃபில்டர் ஒளியை 1,024-இல் ஒரு பங்காகக் குறைக்கிறது. நொடியில் முப்பதில் ஒரு பங்கு போதுமான காட்சிக்கு 34 நொடி தேவைப்படும். ஆனால் அருவிக்கு அரை நொடியே அழகு. அதற்குமேல் போனால் நீர் பஞ்சாகிவிடுகிறது.

● 'கோல்டன் ஹவர்' என்னும் பொன்னொளி நேரம் நம் ஊரில் ஒரு மணி நேரம் நீடிக்காது. பூமத்திய ரேகைக்கு அருகில் சூரியன் கிட்டத்தட்ட நேராக இறங்குவதால், 6 டிகிரி உயரத்திலிருந்து அடிவானம் தொட ஏறக்குறைய 25 நிமிடம்தான். வட நார்வேயின் கோடையிலோ அந்தப் பொன்னொளி மணிக்கணக்கில் நிற்கும். ஆகவே நம் ஊரில் முக்காலியும் ஃபில்டரும் முன்கூட்டியே தயாராக இருக்கட்டும்.

● ஃபில்டரே வாங்காதவர் கேமராவிலும் ஃபில்டர் உண்டு. கோடக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பில், சென்சாரின் பாதிப் புள்ளிகள்மேல் பச்சை, கால்வாசியில் சிவப்பு, கால்வாசியில் நீலம். பெரும்பாலான கேமராக்கள் இன்றும் வண்ணம் காண்பது இதன் வழியாகவே.

● மாலைச் செம்மையை ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் பிழையென்று எண்ணிக் குறைத்துவிடும். 'டேலைட்'டில் வைத்துவிட்டு எடுங்கள்.